முப்பத்தொன்பதாவது வளைவு

ஜூன் 9, திங்கள்

டாக்டர் எழுதச் சொன்னார். எழுதுகிறேன். தேதி, மாத்திரை, தூங்கிய நேரம், வலிப்பு வந்ததா இல்லையா. இந்த நான்குக்கு ஓர் அட்டவணை போதுமே, நோட்டு எதற்கு என்று கேட்டேன். "அட்டவணைன்னா ஆமா, இல்லைன்னு எழுதிட்டுப் போயிடுவீங்க. நடுவுல நடக்கறதும் எனக்கு வேணும்" என்றார். சேலத்தில் இருக்கும் நரம்பு டாக்டர். ஐம்பது வயது இருக்கும். என்னைவிடக் குறைவாகப் பேசுகிறார். அதனால் பிடித்திருக்கிறது.

நடந்தது: ஜூன் 1, ஞாயிறு. நானும் என் மனைவி சிந்துஜாவும் வண்டியில் கொல்லிமலை போய் இறங்கினோம். எழுபது கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்தில் காரவள்ளியில் டீ சொல்லிவிட்டு நின்றேன். அடுத்து ஞாபகம் இருப்பது: தரையில் கிடக்கிறேன், வாயில் ரத்தம், சுற்றி ஆட்கள், வலது கையில் ஒரு சாவி. இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்று யாரோ திணித்திருக்கிறார்கள். அதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. அது என் வண்டிச் சாவி.

வண்டியை நிறுத்தி நான்கு நிமிடம் ஆகியிருந்தது என்று சிந்து சொன்னாள். நான்கு நிமிடம் முன்பு என்றால் கடைசி வளைவு. அவள் என் பின்னால்.

அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

உத்தரவு: ஆறு மாதம் வண்டி ஓட்டக் கூடாது. நடுவில் பெரிதோ சிறிதோ, இரண்டு நொடி நினைவு தப்பினாலும், அன்றிலிருந்து மறுபடி ஆறு மாதம். ஒரு மாதம் கழித்து வேண்டுமானால் பின்னால் உட்காரலாம். டிசம்பர் 1 அன்று நோட்டோடு வர வேண்டும். மொத்தம் 183 நாள். எட்டு போய்விட்டது.

ஜூன் 10

மாத்திரை இரண்டு. தூக்கம் 7 மணி. ஒன்றுமில்லை.

ஜூன் 11

மேலே உள்ளபடி.

ஜூன் 15, ஞாயிறு

கல்யாணமாகிப் பதினான்கு மாதம். வண்டி எடுக்காத ஞாயிறு இரண்டோ மூன்றோதான் இருக்கும். இன்று மத்தியானம்வரை வண்டியைத் துடைத்தேன். பிறகு அதன்மேல் உறையைப் போட்டேன். பிறகு உறையைத் துடைத்தேன்.

இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டேன். எனக்குப் பிடித்த சாலைகள். மதிப்பெண் கணக்கு: வளைவுகளுக்கு 50, தரைக்கு 30, போக்குவரத்துக் குறைவுக்கு 20. கொல்லிமலை 95. ஏற்காட்டுக்குக் குப்பனூர் வழி 84. மோகனூர் காவிரிக் கரை 52. ஜேடர்பாளையம் 40.

சிந்து பின்னாலிருந்து படித்தாள்.

"இதுல காட்சிக்கு மார்க்கே இல்லீங்களே மாமா."

"ஓட்டுறவன் காட்சியப் பாத்தா வண்டி பள்ளத்துல கிடக்கும்."

"அப்ப நான் பாத்ததுக்கெல்லாம் யாரு மார்க் போடுறது?"

சாயந்திரம் அவள் பர்ஸிலிருந்து லைசென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தாள். கியர் வண்டிக்கும் சேர்த்து எடுத்தது. எனக்குத் தெரியாது. கல்லூரியில் படிக்கும்போது அவள் அப்பா கட்டாயப்படுத்தி எடுக்க வைத்தாராம். அதற்குப் பிறகு தொட்டது ஸ்கூட்டர் மட்டும்.

"நான் ஓட்டுறேன். நீங்க பின்னாடி உக்காருங்க."

என் வண்டி 168 கிலோ. அவள் 49. சொன்னேன்.

"நீங்க 74. உங்களையே சமாளிக்கறேன்" என்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

நான் வேலை செய்யும் பட்டறையில் லாரிக்கு பாடி கட்டுகிறோம். வரைபடமும் தரச் சோதனையும் என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை அதன் பின்பக்க மைதானம் காலி. அங்கே சிந்துவுக்குப் பயிற்சி.

பதினொரு முறை இன்ஜின் நின்றது. கிளட்சைப் பொத்தான் மாதிரி விடுகிறாள். பாதித் தூரத்தில் பிடிக்கும் புள்ளி ஒன்று உண்டு, அதைக் கையால் உணர வேண்டும் என்று எட்டு முறை சொன்னேன். ஒன்பதாவது முறை சத்தமாகச் சொன்னேன். அவள் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, ஒரு டயர்மேல் போய் உட்கார்ந்தாள்.

"நீங்க கத்துனா நான் ஆஃப் பண்ணிருவேன். இதுதான் ரூல்."

இருபது நிமிடம். வெயில். வெல்டர் மாதேஸ்வரன் அண்ணன் ஏதோ மிச்ச வேலைக்கு வந்தவர் நின்று வேடிக்கை பார்த்தார். "என்ன தம்பி, கஸ்டமர் டெலிவரி எடுக்க மாட்டேங்குதா?"

மன்னிப்புக் கேட்டேன். பன்னிரண்டாவது முறை வண்டி நகர்ந்தது. நான் கூடவே ஓடவில்லை, வேகமாக நடந்தேன்.

ஜூலை 5

மாதேஸ்வரன் அண்ணனை வைத்துப் பின் இருக்கைக்கு ஒரு சாய்மானம் செய்தேன். பன்னிரண்டு மில்லி கம்பி, இரு பக்கமும் கைப்பிடி, முதுகுக்குப் பஞ்சு. இடுப்பு உயரத்துக்கு வரைந்து கொடுத்திருந்தேன். சிந்து டேப்பை வாங்கி என் முதுகை அளந்து, தோள்பட்டைவரை வேண்டும் என்றாள். பார்க்க அசிங்கமாக இருக்கும் என்றேன்.

"இருக்கட்டுங்க."

பக்கவாட்டில் இரண்டு வளைந்த கம்பியும் சேர்க்கச் சொன்னாள். நாற்காலிக் கை மாதிரி. அசிங்கமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

மோகனூர். முதல் சவாரி. 44 கிலோமீட்டர், போக வர. சராசரி வேகம் 31. மாட்டு வண்டி ஒன்றும் எங்களை முந்தவில்லை என்பது மட்டும் ஆறுதல்.

பின்னால் உட்காருவது எனக்கு வராது. பிரேக் போட வேண்டிய இடத்தில் என் வலது கால் சும்மா மிதிக்கிறது. ஆனால் ஒன்றை எழுத வேண்டும். பின் இருக்கையின் அதிர்வு அநியாயம். ஒவ்வொரு குழியும் நேராக முதுகெலும்பில் ஏறுகிறது. பின் ஸ்பிரிங்கை என் ஓட்டத்துக்காக இறுக்கி வைத்தது நான்தான். பதினான்கு மாதம் அவள் இதில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டுக்கு வந்ததும் இரண்டு சுற்றுத் தளர்த்தினேன்.

இன்னொன்று. அவள் புதிதாக ஒரு பழக்கம் வைத்திருக்கிறாள். "கிலோமீட்டர் கல்லு வந்தா நம்பர் சொல்லுங்க" என்றாள். போனில் மேப் இருக்கிறதே என்றேன். "மேப் வேண்டாம். நீங்க சொல்லுங்க." கொல்லிமலையில் நான் ஓட்டும்போது பின்னாலிருந்து அவள் வளைவுகளை எண்ணுவாள், அந்த விளையாட்டின் தொடர்ச்சி போல. சின்னப் பிள்ளை மாதிரி. சரி என்று சொல்லிக்கொண்டு வந்தேன். நான் ஒரு கல்லைத் தவறவிட்டால் உடனே வேகத்தைக் குறைக்கிறாள். எதற்கு இவ்வளவு கண்டிப்போ.

அந்தச் சாலையில் ஆறு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். எவ்வளவு அகலம் என்பது இன்றுதான் தெரிந்தது. ரயில் பாலத்துத் தூண்களின் நிழல் தண்ணீரில் வரிசையாக விழுந்திருந்தது. கரும்புப் பாகு வாசனை சுமார் இரண்டு கிலோமீட்டர் கூடவே வந்தது. இந்தச் சாலையில் இருபது முறையாவது போயிருப்பேன்.

52-ஐ அடித்து 61 ஆக்கினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஜேடர்பாளையம். வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே போகும் வழி. உள்ளே திரும்பியதும் காற்று நான்கைந்து டிகிரி இறங்குகிறது. கையை நீட்டிக்கொண்டே வந்தேன். ஓட்டுபவனுக்கு இது முடியாது.

சிந்துவுக்கு மூன்றாம் கியர் சுகமாக விழுகிறது. பாராட்டவில்லை. பாராட்டினால் கவனம் சிதறும்.

அணைக்கட்டில் மீன் வறுவல். அவள் தன் மதிப்பெண் முறையைச் சொன்னாள்: நிழலுக்கு 30, நிறுத்தி நிற்க இடத்துக்கு 30, தின்ன 40. அந்தக் கணக்கில் ஜேடர்பாளையம் நூற்றுக்கு நூறு. மீன்கார அம்மாளிடம், "இவரு இந்த ரோட்டுக்கு நாப்பதுதான் போட்டாருங்க" என்று போட்டுக் கொடுத்தாள். அந்த அம்மாள் என் தட்டிலிருந்து ஒரு துண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

திரும்பும்போது கிலோமீட்டர் கல் 14-லிருந்து 1 வரை சொன்னேன். ஒன்றும் விடவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

மழை. போகவில்லை. மாத்திரை இரண்டு. 71 நாள் பாக்கி. சிந்து எதிர்ச் சுவர்க் காலண்டரில் டிசம்பர் 1-ஐச் சுற்றி ஒரு சக்கரம் வரைந்திருக்கிறாள். ஆரங்களோடு. பதினெட்டு ஆரம். என் வண்டிச் சக்கரத்தில் அலாய், ஆரம் கிடையாது. சொல்லவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

கொல்லிமலை. சிந்து ஓட்டி, எழுபதும்.

ஏழு மணிக்குக் காரவள்ளி செக்போஸ்ட். டீக்கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு, டீயை அவளிடம் கொடுத்து, "உக்காந்து குடிக்கச் சொல்லும்மா" என்றார். உட்கார்ந்து குடித்தேன்.

ஏறும்போது விதி: ஒவ்வொரு வளைவிலும் நான் எண் சொல்வேன், அவள் ஒரு முறை ஹாரன் அடிப்பாள். வளைவில் அவள் எண் பலகையைப் பார்க்கக் கூடாது, சாலை எங்கே வெளியேறுகிறதோ அங்கேதான் பார்க்க வேண்டும். அதைச் சொல்லிக் கொடுத்தது நான். செய்கிறாள். முதல் பத்தில் இரண்டு இடத்தில் அகலமாகப் போனாள். இருபதுக்கு மேல் நன்றாக இருந்தது. இருபத்தைந்தில் மேகம் எங்களுக்குக் கீழே வந்துவிட்டது. நாமக்கல் பக்கத்துச் சமவெளி முழுக்கப் பால் கொட்டின மாதிரி, நடுவே ஒன்றிரண்டு குன்று மட்டும் தலையை நீட்டிக்கொண்டு. எழுபது முறை திரும்பினால் இதே காட்சி எழுபது தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உயரத்திலிருந்து. ஓட்டும்போது எனக்கு இது ஒரு மூலையில் வெள்ளையாகத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

~~38-க்குப் பிறகு உண்ணிச்செடி வளர்ந்து இரண்டு பலகைகளை மூடியிருந்தது. அதனால் 39, 40 சொல்லவில்லை. 41 சொன்னேன்.~~ திருத்தம் கீழே. ந.நீ. 24/11.

41-இல் ஒரு தவறு செய்தாள். இரண்டாம் கியரில் இன்ஜின் திணறுகிறது, கிளட்சைத் தொடவே இல்லை. பார்த்தால் அவள் இடது கை ஹேண்டில்பாரில் இல்லை. பின்னால் நீட்டி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். ஏற்றத்தில் ஒற்றைக் கையால் ஓட்டுவதா என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாக. அவள் ஆஃப் பண்ணவில்லை. ரூலை மறந்துவிட்டாள் போல. 43-இல் இடம் பார்த்து நிறுத்தி, என் ஹெல்மெட்டைக் கழற்றி, என் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"களைப்பா இருக்குதுங்களா?"

"இல்ல."

மேலே போய் அன்னாசி தின்றோம். அவள் ஒரு துண்டுகூட முடிக்கவில்லை. இறங்கும்போது வேகம் இருபதுக்கு மேல் போகவில்லை, வழி முழுக்க ஏதாவது பேசிக்கொண்டே வந்தாள். அவள் வேலை செய்யும் தீவன ஆய்வகம், மக்காச்சோளத்தில் பூஞ்சை, எல்லாம். ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

என் இடது கையுறை எங்கோ விழுந்துவிட்டது.

மாத்திரை இரண்டு. ஒன்றுமில்லை.

அக்டோபர் 13

ஒன்றுமில்லை.

அக்டோபர் 14

ஒன்றுமில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

சிந்துவுக்குத் தலைவலியாம். எங்கும் போகவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

முன் டயர் புதிது மாற்றினேன். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊற வைத்தேன். 29 நாள். பட்டறையில் எல்லோரும் டிசம்பர் எப்போது என்று கேட்கிறார்கள். மாதேஸ்வரன் அண்ணன் அந்தச் சாய்மானத்தை அறுத்து எடுக்கக் கட்டர் தயாராக இருக்கிறது என்றார்.

இரவுச் சாப்பாட்டின்போது சிந்து கேட்டாள்: "டைரி டெய்லி எழுதறீங்களா?"

"எழுதறேன்."

"எல்லாமா?"

"வேண்ணா படிச்சுப் பாரு."

"வேண்டாங்க. அது உங்களுக்கும் டாக்டருக்கும்" என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு தோசை போட்டாள். நான் கேட்கவில்லை.

நவம்பர் 16

தூக்கம் 4 மணி. காரணம் தெரியவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

விரிவாக எழுத வேண்டும்.

காலை ஐந்தரைக்கு எழுப்பினாள். எங்கே என்று சொல்லவில்லை. சேந்தமங்கலம் தாண்டியதும் தெரிந்துவிட்டது. செக்போஸ்ட் தாண்டி நான் எண்ண ஆரம்பித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஹாரன். 38 சொன்னேன். ஹாரன் அடித்தாள். அடுத்த வளைவு முடிந்ததும் வெளிப்பக்கம் அகலமான இடத்தில் நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு இறங்கினாள்.

பலகை 39/70. மஞ்சள் மேல் கறுப்பு. அதை மூட ஒரு செடியும் இல்லை. சுற்றிலும் சிமெண்ட். செடி முளைக்கவே வழியில்லை. அந்தப் பலகைக் கம்பியின் உச்சியில் என் இடது கையுறையை யாரோ மாட்டி வைத்திருந்தார்கள். மழையில் நனைந்து, காய்ந்து, விறைத்து, ஐந்து விரலும் மேலே பார்க்க. நில் என்கிற மாதிரி.

நான் வண்டியிலிருந்து இறங்கவில்லை.

"அன்னிக்கு முப்பத்தெட்டு சொன்னீங்க" என்றாள். "அப்புறம் சத்தமில்ல. மாமான்னு கூப்ட்டேன். மறுபடி கூப்ட்டேன். என் தோள்ல இருந்த கை நழுவுது. மேல இருந்து ஒரு லாரி இறங்குது. நிறுத்த எடமில்லைங்க. கைய பின்னாடி விட்டு சட்டையப் புடிச்சுட்டேன்."

"இந்த ஏத்தத்துலயா? ஒத்தக் கையிலயா? ரெண்டாம் கியர்ல திரும்பினியா? இன்ஜின் நின்னிருந்தா வண்டி பின்னாடி…"

"கத்துனா ஆஃப் பண்ணிருவேன்."

"வண்டி ஆஃப்லதான் இருக்குது."

அவள் சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தாள். கீழே முப்பத்தெட்டு வளைவும் நூல் பிரித்துப் போட்ட மாதிரி கிடந்தது.

"ரெண்டு வளைவு மாமா. நாப்பதும் தாண்டிட்டோம். நான் நம்பர் கேட்டுட்டே வந்தேன். நாப்பத்தொண்ணுன்னு நீங்க சொல்லுறவரைக்கும் எனக்கு உசுரே இல்ல. சொன்ன கையோட என்னை வையறீங்க. அவ்வளவு சந்தோசமா ஒரு திட்டு நான் வாங்கினதே இல்ல."

இரண்டு பஸ் ஏறிப் போயின.

"அன்னிக்கே ஏன் சொல்லல?" என்றேன்.

"சொல்லீட்டா, அப்புறம் ஆயுசுக்கும் நான் உங்களுக்கு செக்போஸ்ட். எங்க போனாலும் கைய நீட்டி நிறுத்தோணும். டிசம்பர்வரைக்கும் எப்பிடியும் நீங்க ஓட்டப்போறதில்ல. நீங்களே எழுதுவீங்கன்னு இருந்தேன். முந்தாநேத்துக்கூடச் செயினைத் தொடைச்சு அழகு பாத்துட்டிருந்தீங்க. சரி, எழுத மாட்டாருன்னு தெரிஞ்சுபோச்சு."

எனக்கு அன்றைக்கே தெரியும். இதை இங்கே எழுத வேண்டும். 38-இல் ஒரு பாறையின்மேல் நீர்க்கோடு வழிந்ததைப் பார்த்தேன். அடுத்து 41. நடுவே ஒன்றுமில்லை. செடி என்று எழுதிவிட்டால் எழுதியதுதான் நடந்தது என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். தரச் சோதனை பார்க்கிறவன் நான்.

"புது டயர் போட்டுட்டேன் சிந்து" என்றேன். அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது.

"நல்லதுதானே. நான் ஓட்டறேன்."

கையுறையை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

நவம்பர் 24, திங்கள்

பட்டறையில் ஒரு முறை உண்டு. சோதனைத் தாளில் அளவு தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. பழையது படிக்கும்படி ஒற்றைக் கோடு. பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. கீழே சரியான அளவு. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதை நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அக்டோபர் 12-ஆம் பக்கத்தில் அப்படியே செய்தேன்.

திருத்தம்: அக்டோபர் 12 காலை, வளைவு 38 முடிந்து 41 வரை நினைவு இல்லை. சுமார் ஒன்றரை நிமிடம். விழவில்லை. தோளுயரச் சாய்மானமும் பக்கக் கம்பிகளும், மனைவியின் இடது கையும். இதை அறிந்தும் மறைத்தேன்.
நவநீதன்.

சாட்சிக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி சிந்துவிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "'மனைவியின் இடது கை'யின்னு எழுதியிருக்கீங்க, ஸ்பேர் பார்ட் மாதிரி" என்றாள். கையெழுத்துப் போட்டாள்.

தூக்கம் 8 மணி.

டிசம்பர் 1, திங்கள்

சேலம். டாக்டர் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஜேடர்பாளையத்தில் லேசாகச் சிரித்தார், மீன் துண்டு என்று நினைக்கிறேன். அக்டோபர் 12-இல் நின்றார். கோடு போட்டு அடித்ததையும், புரட்டிப் போய்த் திருத்தத்தையும் படித்தார்.

"இது இல்லாம இருந்திருந்தா இன்னிக்கு உங்களுக்குச் சாவியைக் குடுத்திருப்பேன்" என்றார்.

"தெரியும்."

"நாளைக்கு ஓட்டியிருப்பீங்க."

"இன்னிக்கே ஓட்டியிருப்பேன்."

மாத்திரை அளவைக் கூட்டினார். அக்டோபர் 12-லிருந்து ஆறு மாதம். ஏப்ரல் 12 என்று எழுதிக் கொடுத்தார். 132 நாள்.

"பின்னாடி உக்காரலாமுங்களா டாக்டர்?" சிந்துதான் கேட்டாள்.

டாக்டர் அவளைப் பார்த்தார். "நீங்கதானே ஓட்டறது?"

"ஆமாங்க."

"உக்காரட்டும். அந்தக் கம்பிச் சாய்மானத்தைக் கழட்டாதீங்க. நம்பர் சொல்றதையும் நிறுத்தாதீங்க. ஒரு நம்பர் வரலைன்னா வண்டியை ஓரங்கட்டணும், வளைவுல ஒத்தக் கை வேண்டாம்."

பஸ்ஸில் திரும்பும்போது, கிலோமீட்டர் கல்லை எதற்காக எண்ணச் சொன்னாள் என்று கேட்டேன். "இப்பத்தான் வெளங்குச்சா?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிவிட்டாள். இஞ்சினியர் என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன்.

டிசம்பர் 3

மாதேஸ்வரன் அண்ணனிடம் கட்டர் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. சாய்மானத்தின் பஞ்சைப் பிரித்து இன்னும் ஓர் அடுக்கு வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

டிசம்பர் 7, ஞாயிறு

கொல்லிமலை. பட்டியலில் இருந்த மதிப்பெண்களை எல்லாம் ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். புதியது இன்னும் போடவில்லை. பாதிச் சாலைகளை நான் பார்த்ததே இல்லை என்று தெரிகிறது.

பனி இருந்தது. எண்ணிக்கொண்டே ஏறினோம். பதினேழில் ஒரு குரங்கு பலகைமேல் உட்கார்ந்து எண்ணை மறைத்திருந்தது. குரங்கு என்றே சொன்னேன், ஹாரன் வந்தது. முப்பதுக்கு மேல் அவள் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுவது என் கைக்குத் தெரிந்தது. முப்பத்தெட்டு சொன்னேன். ஹாரன் அடிக்க மறந்துவிட்டாள்.

வளைவு வந்தது. அகலமாகப் போகாமல், சரியான இடத்தில் சாய்த்து, சாலை வெளியேறும் பக்கம் பார்த்துக்கொண்டு திருப்பினாள்.

"முப்பத்தொம்பது" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாக.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கை கிளட்சிலேயே இருந்தது.